சூரனுக்கு மயில் வேண்டாம் என்றேன்

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்தவர், என் தங்கைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கல்யாணம் நின்றது. நாற்பத்தோராம் நாள் அதே மாப்பிள்ளைக்குத் தன் மச்சினியைக் கட்டிவைத்தார். என் தங்கைக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

மலையாள நாட்டில் மகாராஜா ஆட்சி நடந்த காலம். நான் கணக்கு வாத்தியார். எங்கள் தமிழ்க்காரர்களின் முருகன் கோயில் கமிட்டியிலும் இருந்தேன். கந்தசஷ்டிக்குச் சூரன் பொம்மையில் நான்கு தலைகளை மாற்றுவோம்: யானை, சிங்கம், சூரனின் சொந்த முகம், கடைசியில் மாமரம். மூன்றாவது தலைக்கு வர்ணம் பூச வந்தவனிடம், மண்டிக்காரரின் சப்பை மூக்கையும் இடது கன்னத்து மருவையும் வைக்கச் சொன்னேன். மருவில் மூன்று முடி. அதையும் விடவில்லை.

அந்தத் தலை விழுந்தபோது கூட்டம் சிரித்தது. எனக்குப் பாதி மனம் ஆறியது. அப்புறம் வழக்கப்படி சூரன் மயிலாக வந்தான். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மண்டிக்காரர் என்னிடம் வந்து கைகூப்பினார்.

"என்ன வாத்தியாரே, சூரன் கெட்டவனா? சாமிக்கே வாகனமாயிட்டாம்லா! எனக்கு மோட்சம் வாங்கித் தந்துட்டேரு."

மறுநாள் பள்ளிக்கூடத்தில், நாகர்கோவில் பக்கத்து வேதக்கார வாத்தியாரிடம் சாத்தானின் கதி என்ன என்று கேட்டேன்.

"எங்க வேதத்துல மயிலு கியிலு ஒண்ணும் கெடையாது சாரே. அக்கினிக் கடல்தான்."

"எத்தனை வருஷம்?"

"எண்ணிக்கையே கெடையாது."

எண்ண முடியாத ஒன்று எனக்கு மகிழ்ச்சி தந்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சஷ்டிக்கு முன் கமிட்டி கூடியபோது, "தலை விழுறதோட நிறுத்துவோம், மயில் வேண்டாம்" என்றேன்.

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "ஓய், ஞானஸ்நானம் வாங்கிட்டீரா? அவனுக்கும் அருள் உண்டுன்னு காட்டத்தானவே இந்தத் திருவிழா!"

பதினொரு பேரில் பத்துப் பேர் அவர் பக்கம். அன்றே கமிட்டியிலிருந்து விலகினேன்.

மண்டிக்காரர் செத்துப் பத்தொன்பது வருஷமாகிறது. முருகன் காலடி சேர்ந்தார் என்று கருமாதிக் கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். நான் கிழித்தேன், எட்டுத் துண்டாக. தங்கைக்கு அந்தக் கல்யாணம் நின்றபின் வரனே வரவில்லை, என்னோடுதான் இருக்கிறாள். சஷ்டிக்கு இருவரும் போவோம். தலைகள் விழும்வரை பார்ப்பேன். மயில் வந்ததும் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

"கும்பிடுங்கண்ணா, சாமி வாகனம்லா."

"நீ கும்பிடு."

அவள் கும்பிடுவாள். அவள் முடிக்கும்வரை நான் மதிலின் கற்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.