மானியக் கிணற்றில் ஆறாவது வேட்டு

என் கணவர் மலையில் ஏலத்தோட்டத்துக் கங்காணி. அதனால் பொட்டிபுரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தை நான்தான் பார்த்து வருகிறேன். போன கோடையில் சர்க்கார் மானியத்தில் கிணறு வெட்டினோம். முப்பது அடி ஆழம் இருந்தால்தான் கடைசித் தவணை தருவார்கள். அதிகாரி அளக்க வருவதாகச் சொன்ன அன்று காலையில் இன்னும் ஓர் அடி பாக்கி இருந்தது.

கிணறு வெட்டும் வீரணன் பாறையில் ஆறு வேட்டு வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே வந்தார். வெடித்து ஓய்ந்ததும், "ஆத்தா, அஞ்சு சத்தந்தான் கேட்டுச்சு. இன்னைக்கு உள்ள இறங்க வேணாம்" என்றார்.

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்ண்ணே. ஆபீசரு வர்ற நேரமாச்சு. வெரசா இறங்கி கல்லை அள்ளுங்க" என்றேன்.

அவர் அரைமனதாக வடத்தைப் பிடித்து இறங்கினார். நாலைந்து அடி போயிருப்பார். அதற்குள் ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி, "கிணறு வெட்டுறவர் யாரும்மா? சாட்சிக்கு ஒரு கைநாட்டு வேணும், கூப்பிடுங்க" என்றார். வீரணன் மேலே ஏறி வந்து, ஜீப் பக்கத்தில் நின்று விரலில் மை தொட்டபோது ஆறாவது வேட்டு வெடித்தது. கல் தெறித்ததில் வடம் அறுந்து உள்ளே விழுந்தது.

எனக்கு வீரணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி மறுவாரம் வந்து அளந்தார். மானியமும் வந்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டிருந்தால் அன்றே கொடுத்திருப்பார், நான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் நிலத்தில் வேட்டு வைத்தால் நானும் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன். ஒன்று குறைந்தாலும் அன்று யாரையும் இறங்க விடுவதில்லை. வந்தவர் யாரானாலும் காத்திருக்கட்டும்.