குழாய் மட்டும் பேசிய காலம்

ஆலையைச் சுற்றிக் காட்டும் வேலை, பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது போன்றது. எல்லா அறைகளையும் திறந்து காட்ட வேண்டும், எந்தச் சுவரில் விரிசல் இருக்கிறதோ அந்தச் சுவரில் நாமே சாய்ந்து நின்றுகொள்ள வேண்டும்.

எழுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில் நான் உலைப் பிரிவின் ஷிப்டு மேற்பார்வையாளன். விளங்கும்படி பேசக்கூடியவன் என்று யாரோ கிளப்பிவிட்டதால், பார்வையாளர் யார் வந்தாலும் என்னை அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆலையின் பலங்கள் நான்கு என்று தொடங்குவேன். நாப்தா என்பது பெட்ரோலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஓர் எண்ணெய். அதுதான் எங்கள் மூலப்பொருள். அது பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாகவே வந்துவிடும், லாரி வேண்டாம். உலையில் அதைக் காய்ச்சிப் பிரித்து எடுக்கும் வாயுவை வெளியே விற்கமாட்டோம்; அடுத்த கட்டடத்திலேயே பாலிதீன் குருணையாக மாற்றிவிடுவோம், தரகர் வேண்டாம். மிச்சம் மீதி வாயு கொதிகலனை எரிக்கப் போகும், எதுவும் வீணில்லை. வாங்குகிறவர்கள் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலுமே இருக்கிறார்கள். பம்பாய்க்காரர்களின் சரக்கு ரயிலேறி பேசின் பிரிட்ஜ் வந்து சேர்வதற்குள் நாங்கள் மாட்டு வண்டியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் சாய்ந்து நின்ற விரிசல் என்னவென்றால், அந்த அடுத்த கட்டடத்தின் மேற்பார்வையாளன் என் தம்பி செல்வம். அதே ஷிப்டு. அவன் என்னோடு பேசுவதில்லை. சொந்தக்காரரோடு ஒரே வாசலில் அட்டை குத்தி வேலைக்குப் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்கள் சற்றுப் பொறுத்துப் படியுங்கள்.

அண்ணாச்சி கடித்த குருணை

திருவொற்றியூரில் வாளி செய்யும் பட்டறை வைத்திருந்த ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி சரக்கு வாங்குமுன் ஆலையைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். குருணையை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்தார், பிறகு இன்னொன்றை எடுத்துக் காதருகே வைத்து நசுக்கினார். என்ன சத்தத்தை எதிர்பார்த்தாரோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

நான்கு பலங்களையும் அவர் சாப்பாட்டு வரிசைபோலப் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், அப்படியென்றால் இது கூட்டுக் குடும்பம்தான், மூத்த மருமகள் வடித்த கஞ்சியில் இளைய மருமகள் புடவைக்குக் கஞ்சி போடுகிறாள் என்றார். பத்து வருடம் பொறியாளர்கள் சொல்லிக் கொடுத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாரே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே போகும் வெள்ளைக் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்:

“எல்லாம் சரி தம்பி. இந்தக் கட்டடமும் அந்தக் கட்டடமும் தங்களுக்குள்ள பேசிக்கிடுமா, இல்ல குழாய் மட்டும்தானா?”

மடி

நாங்கள் பேசாமல் போனது ஒரு காதுகுத்தில். எங்கள் தங்கை தங்கம் எங்களுக்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவள். அவளுடைய மகனுக்குத் திருவொற்றியூர்க் கோயில் மண்டபத்தில் காது குத்தினார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம். மாமன் இரண்டு பேர் என்பதால், செல்வம் மடியில் என்று முன்பே பேச்சு. அவன் லீவு எடுத்துக்கொண்டு, பட்டு வேட்டி, பிள்ளைக்குச் சட்டை, தோடு எல்லாம் கொண்டு வந்து, குளித்து விபூதி பூசி, அழுதால் கொடுக்க வாழைப்பழமும் சர்க்கரையும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

நான் இரவு ஷிப்டு முடிந்து ஆலைச் சட்டையோடு நேராக வந்தேன். தங்கையின் மாமனார் என்னைப் பார்த்ததும், மூத்த மாமன் வந்தாச்சு, பெரியவன் இருக்கும்போது இளையவன் எதுக்கு, உட்காருங்க என்று தோளைப் பிடித்து அழுத்தினார். உட்கார்ந்தேன். பிள்ளை மடிக்கு வந்துவிட்டது. எழுந்திருந்தால் அவரை அவமதித்ததாகும் என்று அப்போது தோன்றியது; எழுந்திருக்க மனமில்லாததால் அப்படித் தோன்றியதா என்று இன்றும் தெரியவில்லை. பிள்ளை மண்டபம் அதிர அழுதது. செல்வம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டான். அடுத்த நாள் முதல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கன்ட்ரோல் ரூமில் என் பக்கத்தில் உட்கார்ந்து போர்டு பார்க்கும் ராயபுரத்து லூர்துசாமியிடம் மட்டும் இதைச் சொன்னேன். பெரியவர் செய்தது தப்பில்லை, நான் செய்ததும் பெரிய தப்பில்லை என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் மீட்டர் முள்ளைப் பார்த்தபடியே சொன்னது:

“உன் சட்டைல நாப்தா நாத்தம் கீது சார். அந்தப் புள்ள அதுக்குத்தான் அழுதிருக்கும். உன் தம்பி மடின்னா அழுதிருக்காது.”

பேங்க்காரர்கள் வந்த நாள்

ஆலையில் ஒரு விதி உண்டு. ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு வாயுவின் அளவை மாற்றுவதென்றால் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவர் ‘சரி’ என்ற பிறகுதான் வால்வில் கை வைக்கலாம். இயந்திர இரைச்சலில் எண் மாறிக் கேட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் செய்த விதி. ஆகவே, வீட்டில் பேசாத செல்வமும் நானும் ஷிப்டில் பலமுறை பேசிக்கொண்டிருந்தோம். ‘ஆறு டன் கொடுங்கள்.’ ‘ஆறு டன்.’ ‘சரி.’ உடனே லைன் அறுந்துவிடும். பிறந்ததிலிருந்து என்னை நீ என்றே அழைத்தவன், ‘கொடுங்கள்’ என்பான். அந்த ‘ங்கள்’ ஒவ்வொரு முறையும் என் மேல் பட்டுத் தெறித்துவிட்டுப் போகும்.

கடன் கொடுப்பதற்காக பேங்க் அதிகாரிகள் பார்வைக்கு வந்தார்கள். கன்ட்ரோல் ரூமில் அவர்களில் ஒருவர், எல்லாம் ஒரே சங்கிலி என்கிறீர்களே, ஒரு கண்ணி நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் வாய் மூடவில்லை, தொலைபேசி அடித்தது. செல்வம். ‘கம்ப்ரஸர் நின்றுவிட்டது. வாயு வேண்டாம்.’ ‘வாயு வேண்டாம்.’ ‘சரி.’ போக இடமில்லாத வாயு முழுவதும் சுடர்க்கம்பத்தின் உச்சிக்குப் போய்ப் பனைமரம் உயரத்துக்கு எரிந்தது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நான் உலைகளைக் குறைத்தேன், லூர்துசாமி மீட்டர் முள் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொண்டான். பிறகு செல்வம் ‘இரண்டு டன்’ என்றான், பிறகு ‘மூன்று’ என்றான், ஒவ்வொரு படியாக அவன் கேட்க, நான் கொடுக்க, மதியத்துக்குள் சுடர் தன் பழைய அளவுக்கு இறங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்ற அந்த அதிகாரி கேட்டார்:

“அந்தப் பக்கம் பேசினது யார் சார்? ஒரு வார்த்தை கூடுதலாப் பேசாம ரெண்டு பேரும் இப்படி ஒத்துப்போறீங்களே, இதை ஏன் உங்க பலத்துல சேர்க்கலை?”

காத்திவாக்கம் சொன்ன அர்த்தம்

கடனுக்கு அனுமதி கிடைத்தது என்று கேள்வி. எனக்குக் கிடைத்தது வேறு. மறுநாள் காலை ஆலை வாசலில், காத்திவாக்கத்திலிருந்து உப்பங்கழி இறால் கொண்டுவந்து விற்கும் மேரியம்மாள் என்னை நிறுத்தினாள். எங்கள் சுடரை அவர்கள் குப்பத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்களாம். இறாலை நிறுத்துக்கொண்டே, சுடரின் உயரத்தை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுவார் தன் புருஷன் என்று பெருமையாகச் சொன்னாள். அவர் படித்தவரா என்று கேட்டேன். இல்லை, கட்டுமரம்தான் என்றாள். சரி, நேற்று என்ன சொன்னார் என்றேன்.

“நெருப்பு இம்மாம் ஒசரம் எரிஞ்சா, உள்ள யாரோ குடுக்கறத யாரோ வாங்கிக்கலன்னு சொல்லிச்சு நைனா.”

இரண்டு மாமன், ஒரு லீவு

தங்கைக்கு அடுத்தது பெண் குழந்தை. மறுபடியும் காதுகுத்து, அதே மண்டபம். அவள் ராயபுரத்தில் என் வீட்டுக்கும் வந்து அழைத்தாள், திருவொற்றியூரில் செல்வம் வீட்டுக்கும் போய் அழைத்தாள். இரண்டு பேரும் வந்துதான் ஆகவேண்டும் என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறாள்.

சிக்கல் ஆலையில் இருந்தது. இந்த முறை முகூர்த்தம் எங்கள் ஷிப்டு நேரத்திலேயே விழுந்தது. உலைக்கும் பாலிதீனுக்கும் சேர்த்துப் பதிலாள் ஒருவர்தான். எங்களில் ஒருவன் லீவு எடுத்தால் மற்றவன் வேலையில் இருந்தாக வேண்டும். மூத்தவன் என்பதால் நான் கேட்டால் எனக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் கேட்கவில்லை. செல்வம் எழுதிக் கொடுத்தான், கிடைத்தது. இதைப் பெரிய மனது என்று நீங்கள் நினைக்க வேண்டாம். நான் போயிருந்தால் மாமனார் மறுபடி என் தோளை அழுத்துவார் என்ற பயம் ஒரு பக்கம். போகாமல் இருந்து அவனுக்கு ஒரு பாரத்தை ஏற்றி வைக்கிறேனோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். விட்டுக்கொடுப்பதற்கும் வீம்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே உருவம்தான். உள்ளேயிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது என்பது எனக்கு அந்த வாரம் தெரிந்தது.

வரவில்லை என்று தங்கத்திடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் இருந்த பெண்ணை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“மடிக்கு ஆள் கிடைச்சாச்சுண்ணே. ஆனா நீ கோவத்துல வரலைன்னு அவன் நினைச்சுட்டான்னா? உங்களைச் சேர்த்துவைக்க நான் இன்னொண்ணு பெத்துக்கணுமா?”

பதிலாள்

காதுகுத்து நாளில் ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகளைக் கன்னியாஸ்திரீகள் அழைத்து வந்தார்கள். நான்கு பலங்களையும் சொன்னேன். மாட்டு வண்டிக்குச் சிரித்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் ஆசாரி ஊசியை எடுத்திருப்பார்.

தொலைபேசி அடித்தது. பதிலாள் நல்ல மனிதர், கலகலப்பானவர். ஆறு டன் போடுங்க பிரதர், சாப்பிட்டாச்சா, இன்னிக்கு வெயில் பார்த்தீங்களா என்றார். நான் ‘ஆறு டன்’ என்று திருப்பிச் சொன்னேன். அவர் வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ‘சரி’யை நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வைத்தபின் ஏனோ ரிசீவரிலிருந்து கையை எடுக்கவில்லை. மாணவிகள் வெளியே போய்விட்டார்கள். லூர்துசாமி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

“இவுரு பேசிகினே கீறாரு சார். ஆனா எனக்கு உன் தம்பி பேசாததுதான் காதுல கேக்குது.”

விதிப்படி

அடுத்த நாள் நாங்கள் இருவரும் வேலைக்கு வந்தோம். வாசலில் அவன் எனக்கு முன்னால் அட்டை குத்திவிட்டுப் போனான். திரும்பவில்லை. நான் போகாததை அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அவன் முதுகிலிருந்து படிக்கப் பார்த்தேன். முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பதிலாள் ஒருவர்தான் என்பது ஆலைக்காரன் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஷிப்டு மாறியதும் தொலைபேசி அடித்தது. ‘ஏழு டன் கொடுங்கள்’ என்றான். ‘ஏழு டன்’ என்றேன். ‘சரி’ என்றான். வழக்கமாக அத்தோடு லைன் அறுந்துவிடும். அறவில்லை. அந்தப் பக்கம் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. நான் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. லூர்துசாமி போர்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான்.

“பாப்பா அழல” என்றான் செல்வம்.

கேட்க நூறு இருந்தது. மாமனார் என்ன சொன்னார், சாப்பிட்டாயா, தோடு யார் போட்டது. ஆனால் தொண்டையில் இருந்தது விதி ஒன்றுதான். சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

“பாப்பா அழல” என்றேன்.

கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு சொன்னான்:

“சரிண்ணே.”

பார்வையாளர்களிடம் எங்கள் ஆலையின் பலங்கள் நான்கு என்றே கடைசிவரை சொல்லிவந்தேன். பேங்க் அதிகாரி கண்டுபிடித்த ஐந்தாவதைச் சொல்லியிருந்தால், மற்ற நான்குக்கும் வரைபடம் மாட்டியிருந்த விற்பனைப் பிரிவு அதற்கும் ஒன்று கேட்டிருக்கும்.