காது திறக்கும் வரை

தலை தண்ணீருக்குள் மறைந்ததும் பிச்சைமணி இரண்டு கைகளாலும் முகக்கண்ணாடியின் அடி விளிம்பைத் தூக்கி மூக்கோடு சேர்த்து அழுத்துகிறார். மூக்குத்துவாரங்கள் அடைபட்டதும், தண்ணீரின் அழுத்தத்தில் அடைத்த காது திறக்க மூக்குக்குள்ளேயே மெல்ல ஊதுகிறார். வலது காது எப்போதும் முந்திக்கொண்டு ‘டப்’ என்று திறக்கும். இடது காது கொஞ்சம் யோசிக்கும். அதுவும் திறந்த பிறகுதான் கயிற்றில் அடுத்த முழம் இறங்குவார். “காதக் கெஞ்சணும், மெரட்டக் கூடாது” என்பார்.

கொச்சித் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகம் சுரண்டிய காலத்தில் வந்து சேர்ந்த கண்ணாடி அது. முட்டை வடிவம், கறுப்பு ரப்பர், சுற்றிலும் திருகு வைத்த பட்டை. இப்போது வருகிறவற்றில் மூக்கைப் பிடித்துக்கொள்ள விரல் நுழையக் குழி உண்டாம். அப்படி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று அவர் வேலை பார்க்கும் அணையின் மேஸ்திரி ஞானஜோதி கேட்டதற்கு, மூஞ்சிக்கு இது பழகிவிட்டதென்று மறுத்துவிட்டார். கரையில் இருக்கும்போதும் அவருக்குக் காது நினைப்புதான். போடி மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவு ஏறும்போதும் எச்சில் விழுங்கிக்கொண்டே வருவார். டீக்கடையில் வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவார். ராத்திரி தூக்கமில்லையா என்று யாராவது கேட்டால் சிரிப்பதோடு சரி.

தேவிகுளத்துக்கு மேலே மலைக்குள் இருக்கிறது அந்த அணை. மதகின் கம்பிகளில் மரமோ செடியோ வந்து அடைத்துக்கொண்டால், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இவர் இறங்கி எடுத்துவிட வேண்டும். அடியில் ஒரு பழைய தேயிலைக்காடு முங்கிக் கிடக்கிறது. இலையெல்லாம் போய்விட்டது, செடிகள் மட்டும் நிரை பிசகாமல் வெறும் கொம்பாக நிற்கின்றன. பச்சை வெளிச்சத்தில் அவற்றின் மேலே மலையில் இறங்கும் மஞ்சு மாதிரி மிதந்து போகையில், நிரைக்குள்ளிருந்து கூடை சுமந்த பெண்கள் யாரேனும் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று தோன்றுமாம்.

எழுபத்து மூன்றாம் வருஷ மழைக்காலம் முடிந்த கையோடு மதகில் ஒரு பெரிய மரம் வந்து செருகிக்கொண்டது. பிச்சைமணிக்கு அப்போது நல்ல சளி. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஆனால் இறங்கிப் பார்த்தபோது மரம் காலுக்குக் கீழேயே தெரிந்தது. இடது காது திறக்கவில்லை. மேலே ஏறி மறுபடி முயல வேண்டியவர், இவ்வளவு அருகில் வந்துவிட்டோமே என்று பலமாக ஊதினார், இன்னும் இறங்கினார்.

காதுக்குள் ஏதோ கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் தலைக்குள் ஓடியது. அடுத்த கணம் அணைச்சுவர் புரண்டது, தேயிலை நிரைகள் தலைக்கு மேலே போயின, அவர் விட்ட மூச்சுக்குமிழிகள் பக்கவாட்டில் ஓடின. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கையிலிருந்த கயிறு ஒன்றுதான் நிஜம். காதில் புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நின்றது. கரையேறியபோது கழுத்தில் ரத்தம் வழிந்திருந்தது.

அன்று தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் மனைவி மாரித்தாய் சுடுதண்ணீரில் துணியை நனைத்து ரத்தத்தைத் துடைத்தாள். அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“பயமே இல்ல புள்ள. தொட்டில்ல போட்டு ஆட்டுன மாதிரி சொகமா இருந்துச்சு.”

மாரித்தாயின் கை நின்றது.

“அப்ப, மேல வரணும்னு தோணலையா?”

அவர் குனிந்து ஈரத் துணியையே பார்த்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கும் மேலே வர நினைத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று என்று அவருக்கே தெரியாது. ரத்தம் பார்த்தபோது கலங்காதவள், அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக் கலங்கிப்போனாள். அதன் பிறகு சோறு வைப்பாள், துணி துவைப்பாள், காதுக்குப் பஞ்சு வைத்துவிடுவாள். பேச்சு மட்டும் இல்லை. கொழுந்து பறிக்கக் காட்டுக்குப் போகிறவள் வாசலில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த நாட்களில் அவர் கனவில் எல்லாம் தேயிலை நிரைகள்தான் ஆடின. விழித்தால் அவள் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

காதின் சவ்வு கூடிவிட்டது என்றும் ஆனால் இடது காது இனிக் கேட்காது என்றும் தேவிகுளம் டாக்டர் சொன்னார். இறங்கலாமா என்று கேட்டதற்கு, அது உன் இஷ்டம், வலித்தால் ஏறிவிடு என்றார்.

மறுபடி இறங்கிய அன்று மாரித்தாய் வேலைக்குப் போகவில்லை. தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு அணைமேல் வந்து நின்றாள். பிச்சைமணி கயிற்றில் இறங்கினார். நிரைகள் கண்ணுக்குத் தெரிந்தன. இடது காது அடைத்தது. ஒரு முழம் ஏறி, கண்ணாடியை மூக்கோடு அழுத்தி ஊதினார். திறக்கவில்லை. இன்னொரு முழம் ஏறினார். கீழே பச்சை வெளிச்சம் அசைந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும் என்பதுபோல இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்துவிட்டு மேலே வந்தார்.

“இன்னைக்குக் காது தொறக்கலண்ணே. நாளைக்குப் பாப்போம்.”

ஞானஜோதி முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைச் சுருட்டினார்.

மஞ்சு இறங்கி அணையை மூடிக்கொண்டிருந்தது. மாரித்தாய் அவருக்கு இடப்பக்கமாக வந்து, கம்பளியை எடுத்து அவர் தோளில் போர்த்தி, எங்கோ பார்த்தபடி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பிச்சைமணி ஈரக்காலோடு அவளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்; குனிந்து, வலது காதை அவள் வாயருகே கொண்டுபோய் வைத்தார்.