நாய்க் காப்பகத்தில் நான் பயந்த நாட்கள்

விலங்குக் காப்பக வேலைக்கு நாய்மேல் பிரியம் இருந்தால் போதும் என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன்; வயிற்றுக்குள் பயத்தை வைத்துக்கொண்டே மூன்று வேளை சாப்பிடப் பழக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன் மதுரையில் ஒரு மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். அங்கே பயப்பட ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருவர்தான். இங்கே, வாடிப்பட்டி ரோட்டில், நாற்பது நாயும் பதினொரு பூனையும். உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ இருந்தால், அது ஒரு வேளை சோற்றைத் தொடாவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? அதை நாற்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பூட்டிய கேட்

ஒரு சித்திரை மாதக் காலை. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், காப்பகத்து கேட்டில் ஒரு ராட்வீலர் நாய். பைக்குக்குப் போடும் செயின் பூட்டால் அதைக் கேட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு யாரோ போயிருந்தார்கள். செயின் இரண்டு அடிகூட இல்லை. நாயால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வெளியே நான், உள்ளே வேன் ஓட்டும் பாண்டி அண்ணன், நடுவில் அது. நான் ஒரு அடி வைத்தேன். அது குரைக்கவில்லை, பல்லை மட்டும் காட்டியது. குரைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. நாக்கு தொங்கி, அதன் பின்னங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. கம்பி வெட்டும் கட்டரைச் செயினில் வைக்க வேண்டுமென்றால் முகத்தை அதன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பாண்டி அண்ணன் கம்பிக்கு உள்ளே குந்தி உட்கார்ந்து, தட்டில் தண்ணீரை நீட்டி, "இந்தா மாப்ள, குடி மாப்ள" என்று ஒரு மணி நேரம் பேசினார். அது குடிக்கத் தலை குனிந்ததும் அவர் கம்பி வழியே கட்டரை நீட்டினார்; நான் இயேசுவே என்று கண்ணை மூடிக்கொண்டேன். டக்கென்று செயின் அறுந்தது. கண்ணைத் திறந்தால் நாய் கம்பியை ஒட்டி அவர் காலடியில் சரிந்து கிடக்கிறது. அதுவரை ரோட்டோரம் ஸ்கூட்டரில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அப்போதுதான் கிட்டே வந்தார்.

"ஜாதி நாயால்ல இருக்கு! ஜோடி சேக்க ஒருநாளு தருவீகளாக்கா?"

பத்து நாள்

இது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். அவனியாபுரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர் ஒருவர், வீடு மாறுகிறோம் என்று ஒரு வெள்ளை நாயைக் கொண்டுவந்து விட்டார். "எல்லா ஊசியும் போட்டாச்சு மேடம். நோட்டு வீட்ல இருக்கு, நாளைக்குக் கொண்டு வாரேன்" என்றார். மறுநாள் நோட்டு வரவில்லை. அன்று மத்தியானம் தட்டை எடுக்கப் போன என் கையை நாய் கவ்விவிட்டது. மணிக்கட்டுக்கு மேல் நான்கு பல். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயில் கையைக் காட்டிக்கொண்டே அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டிய வெறிநாய்க்கடி ஊசி உண்டு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நான்தான் தள்ளிப்போட்டிருந்தேன். பெரியாஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போட்டார்கள். நாயைத் தனி அறையில் அடைத்துப் பத்து நாள் பார்க்கச் சொன்னார் டாக்டர். அது உயிரோடு இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் இரண்டாம் நாளே அது சோற்றைத் தொடவில்லை. மூலையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. நான் வீட்டில் டம்ளரில் தண்ணீர் எடுத்து, தொண்டையில் இறங்குகிறதா என்று ஒவ்வொரு வாயாக விழுங்கிப் பார்த்தேன். என் மகளை என் தட்டில் சாப்பிடவிடவில்லை. காரணமும் சொல்லவில்லை. தினமும் காலையில் பாண்டி அண்ணனுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "இருக்காண்ணே?"

ஐந்தாம் நாள் அது எழுந்து தண்ணீர் குடித்தது. பதினோராம் நாள் வாலை ஆட்டியது. வீட்டை நினைத்து ஏங்கிப் பட்டினி கிடந்திருக்கிறது, பாவம். பிறகு நானும் அண்ணனும் ஒர்க்ஷாப்புக்கே போய் அந்த நோட்டைக் கேட்டோம். அப்படி ஒரு நோட்டே கிடையாது. அவர் கோபப்படவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை.

"போடலன்னு சொல்லியிருந்தா நீங்க சேத்துருக்க மாட்டீகல்ல?"

ஊருக்குப் போன ராணி

ராணிக்கு மூன்று கால்தான். சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் அவளைத் தத்தெடுத்துப் போனார். தத்துக் கொடுத்த நாயை நாங்கள் மாதாமாதம் விசாரிப்போம். மூன்றாவது மாதம் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நேரே கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மனிதருக்கு வேர்த்துவிட்டது. "ராணியா? ஊருக்குப் போயிருக்கு" என்றார். நாய் எந்த ஊருக்குப் போகும்? கடைக்கு வெளியே டவுன் பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. மூன்று காலோடு இந்த ரோட்டிலா?

கடைக்கு மேலேதான் வீடு. அவரைத் தாண்டி மாடிக்கு ஏறினேன். அவர் மனைவி கதவைத் திறக்க, உள்ளே கட்டிலில், ஃபேனுக்கு நேர் கீழே, ராணி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காதில் மட்டும் ஒரு தையல். பின்னாலேயே ஓடிவந்தவர் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் பயந்ததைவிட அவர் அதிகமாகப் பயந்திருந்தார்.

"ஒருக்கா கயித்த அத்துட்டு ரோட்டுக்கு ஓடி அடிபட்டுருச்சும்மா. தெரிஞ்சா புடுங்கிட்டுப் போயிருவீகன்னுதேன் போனை எடுக்கல."

வயிற்றில் கட்டி

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. வருஷத்துக்கு இரண்டு தடவை அட்டைப்பெட்டியில் குட்டிகளோடு வருவார். கருத்தடை இலவசமாகவே செய்கிறோம் என்றால், "வாயில்லாத ஜீவன அறுக்குறது பாவம்" என்பார். போன தடவை கொண்டுவந்த ஆறு குட்டியில் நான்கு, வயிற்றுப்போக்கில் ஒவ்வொன்றாகப் போயின. அந்த நோய் மற்ற குட்டிகளுக்குத் தொற்றிவிடுமோ என்று இரண்டு வாரம் தரையைக் கழுவிக் கழுவி என் கை வெந்துபோனது.

ஒருநாள் அவர் மனைவி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில், பழைய சேலையில் சுற்றிய தாய் நாய். எலும்பும் தோலுமாக இருந்தது. "அவரு மாடு வாங்கப் போயிருக்காரு. அதுக்குள்ள பண்ணிருங்க" என்றார். ரத்தம் குறைவு, மயக்க மருந்து தாங்குமா தெரியாது, ஆனால் இன்னொரு பிரசவத்தைக் கண்டிப்பாகத் தாங்காது என்றார் எங்கள் கால்நடை டாக்டர். அந்தம்மா சரியென்று தலையை ஆட்டினார். பாதி ஆபரேஷனில் நாயின் மூச்சு நின்றது. டாக்டர் நெஞ்சை அழுத்த அழுத்த, அந்தம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது. "செத்துப்போச்சுன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது தாயி" என்று முணுமுணுத்தார். பிறகு அதன் வயிறு லேசாக ஏறி இறங்கியது. மூன்று நாள் வைத்திருந்து, அந்தம்மா திரும்ப வந்ததும் அனுப்பினோம். ஆட்டோவில் ஏறும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வயித்துல கட்டின்னு சொல்லிக்கிறேன். அவரு வந்து கேட்டா நீங்களும் அம்புட்டுதேன் சொல்லணும், ஆமா."

இந்த வேலையில் நான் கற்றது இம்புட்டுத்தான்: வாயில்லாத ஜீவன் ஒருநாளும் பொய் சொல்லாது, அதனால் நான் பயப்படுவதெல்லாம் அதைக் கூட்டிக்கொண்டு வருகிற வாயுள்ள ஜீவனுக்கு.