பூசானை வெட்டச் சொன்னார்கள்

பிள்ளை, தம்பி, இதை நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். தம்பிக்குத் தமிழ் தடக்கும் இடத்தில் அக்கா வாசித்துக் காட்டு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் பாதியில் மூடி வைக்காதீர்கள்.

போன சனிக்கிழமை பிறந்தநாள் கொண்டாட்டத்தில் மாமா அந்தக் கதையைத் திரும்பவும் எடுத்தார். "உங்கட கொப்பர் இருக்கிறாரே, ஒரு கொரியாக்காரப் பட்டினத்துக்காக உங்கள் ரெண்டு பேரையும் கொம்மாவையும் கொழும்பு லொட்ஜிலயே விட்டிருப்பார்" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். காரில் வரும்போது தம்பி, "அப்பா, வை கொரியா?" என்று இங்கிலிஷில் கேட்டான். நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன். பதில் தெரியாமல் இல்லை. வோபர்னில் எங்கள் வீடு வந்து சேருவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை அது.

மாமாவில் எனக்குக் கோபம் கிடையாது. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், தன்னுடைய கட்டிலை எனக்குத் தந்துவிட்டுத் தரையில் படுத்தவர் அவர். அவர் சொல்லும் கதையில் நடந்த சங்கதி எல்லாம் சரி. நான் பிடிவாதத்துக்காகச் செய்தேன் என்கிறாரே, அது மட்டும்தான் பிழை.

நான் கப்பலில் வேலை செய்தவன் என்று உங்களுக்குத் தெரியும். எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலை. ஊரில் சண்டை கூடிய காலம், சம்பளத்துக்காகப் போனேன். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் போய் வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டுவது, அதுதான் அப்போதைய திட்டம். அப்படி இருக்கையில் ஒரு வருடம் கப்பலைத் தள்ளுகிற சுழலியின் தண்டு உடைந்து, பூசான் என்ற கொரியத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மாற்றுத் தண்டு வந்து சேரும்வரை ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே கிடந்தோம்.

மலை நேரே கடலுக்குள் இறங்குகிற ஊர் அது. நடுவில் வீதி போடவே இடம் போதாது. கப்பல் திருத்தும் இடம் ஒரு தீவில் இருந்தது, பட்டினத்துக்குப் போகப் பாலம் இருந்தது. பாலத்தைக் கடந்தால் மீன் சந்தை. றப்பர் சப்பாத்தும் றப்பர் ஏப்ரனும் போட்ட பெண்கள் பேசின்களில் மீனை வைத்துக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். பொலிஸ்காரன் வந்து எழும்பச் சொன்னால் பேசினோடு கொஞ்சம் நகருவார்கள். அவன் முதுகைத் திருப்பியதும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள். அவன் திரும்பிப் பார்த்தால் அவனுக்கே மீன் விற்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்த ஊரை முதலில் பிடித்தது அதனால்தான்.

எங்கள் கப்பலில் வெல்டிங் வேலை செய்தவன் ஒருவன் எனக்குச் சிநேகிதமானான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். சிறுவயதில் அமெரிக்க ஆமிக்குச் சாமான் தூக்கி இங்கிலிஷ் பழகியவன். என்னுடையது கப்பல் இங்கிலிஷ். எங்கள் இரண்டு பேருடையதையும் சேர்த்தால் ஒரு ஆளுடைய இங்கிலிஷ் வரும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் உங்கள் சித்தப்பா இல்லை என்ற செய்தி எனக்கு வந்தது. சாமியறையில் படம் இருக்கிறதே, அவர்தான். எப்படி என்று இங்கே எழுதவில்லை. செத்தவீட்டுக்குப் போகவும் வழியில்லை. நான் ஒரு இரும்புத் தகட்டின் மேல் இருந்துகொண்டு எழும்பாமல் இருந்தேன். வெல்டிங்காரன் பக்கத்தில் தன் வேலையைச் செய்தான். வேலை முடிந்ததும், "வா, வீட்டில சாப்பிடுவம்" என்று கூட்டிக்கொண்டு போனான்.

அவன் வீடு மலை உச்சியில். ஏறுவதற்குக் கல்லுப்படி. பாதி ஏறியபோதுதான் கவனித்தேன், படிக்கல்லில் எழுத்து வெட்டியிருந்தது. அடுத்த கல்லிலும் எழுத்து. "இது என்ன?" என்று கேட்டேன்.

"கல்லறைக் கல். யப்பான்காரருடையது" என்றான்.

நான் காலை ஒதுக்கி ஓரத்தில் வைத்தேன். அவன் சிரித்தான். "பயப்பிடாதை. அவை ஒண்டும் சொல்லமாட்டினம். பெருநாளுக்கு என்ர அம்மா அவைக்கும் சோறு வைக்கிறவ."

அந்த மலை முந்தி யப்பான்காரரின் சுடலை. அவர்கள்தான் அந்த நாட்டை ஆண்டார்கள், துறைமுகத்தைப் பெரிதாக்கினார்கள், யுத்தத்தில் தோற்றுப் போய்விட்டார்கள். செத்தவர்களைக் கொண்டுபோக முடியவில்லை. சில வருடத்தில் கொரியருக்குள்ளேயே யுத்தம் வந்தது. வடக்கு ஆமி நாடு முழுவதையும் பிடித்துக்கொண்டு வர, கடைசியில் மிஞ்சியது இந்த மூலை மட்டும்தான். அரசாங்கமே ஓடி வந்து பூசானில் குந்தியிருந்ததாம். சனம் கப்பல் தட்டிலும் ரயில் கூரையிலும் வந்தது. நிலம் போதாது. மலையில் ஏறினார்கள். மலையில் கல்லறை. சரி என்று அதன் மேலேயே வீடு கட்டினார்கள். அமெரிக்க ஆமிக்காரர் எறிந்த சாப்பாட்டுப் பெட்டி மட்டையில் சுவர், தகர டின்னை வெட்டி விரித்துக் கூரை, கல்லறைக் கல்லில் அத்திவாரம்.

வெல்டிங்காரனும் அப்படி வடக்கிலிருந்து வந்த பிள்ளைதான். பிரிந்து போகும் குடும்பங்களெல்லாம் "பூசான் பாலத்தடியில சந்திப்பம்" என்று சொல்லிப் பிரிந்தார்களாம். பூசானில் அவர்களுக்குத் தெரிந்த இடம் அந்தப் பாலம் ஒன்றுதான். அவனுடைய தகப்பனும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். தாய் பாலத்தடியில் காத்திருந்தா. அவர் வரவில்லை. பிறகு அவ ஒரு பேசினை இரவல் வாங்கிக்கொண்டு போய் மீன் சந்தையில் இருந்துவிட்டா.

"உன்ர சொந்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"பூசான்."

"இல்லை, பிறந்த ஊர்."

"பிறந்தது வடக்கில. ஊர் பூசான்" என்றான். அந்தக் கேள்வியை நான் ஏன் திரும்பக் கேட்டேன் என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

அந்தப் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளைகள் அந்தக் கல்லுகளில் குதித்துக் குதித்து இறங்கிப் போனார்கள். தம்பிக்கு அப்போது நடக்கத் தொடங்கின வயது. அந்த இடத்தில்தான் நான் முதன்முதலாக யோசித்தேன், ஊரில் அறை கூட்டிக் கட்டுவதில்லை, உங்களையும் அம்மாவையும் நாட்டைவிட்டு வெளியே எடுப்பது என்று. வேறு எங்கேயும் அல்ல. கொழும்பில் அல்ல, விமானத்தில் அல்ல. அந்தப் படியில்.

இனி ரொறன்ரோ. தொண்ணூறுகளின் தொடக்கம், நான் மட்டும் முன்னுக்கு வந்திருந்தேன். எங்கள் கட்டடத்தில் அகதி வழக்குக்குக் கதை எழுதிக் கொடுப்பதற்கு ஒருவர் இருந்தார். ஊரில் படிப்பித்தவர், எல்லாரும் மாஸ்டர் என்போம். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பூசான் வந்ததும் பேனையை வைத்துவிட்டார்.

"தம்பி, உந்தப் பூசானை வெட்டுவம்."

"ஏன் மாஸ்டர்?"

"ஒரு குளிர்காலம் முழுக்க அங்க இருந்தனீர், அங்கயே தஞ்சம் கேட்டிருக்கலாமே எண்டு கேப்பினம். பிறகு கேஸ் விழுந்திடும்."

"கேட்டால் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லுவீர்? இந்தக் கட்டடத்தில எல்லாரும் கொழும்பில ஏறி ரொறன்ரோவில இறங்கினவை. இடையில ஒரு நாடும் இல்லை, கடலும் இல்லை. ரெண்டு நாட்டுக்கு மேல வந்தால் அது கேஸ் இல்லைத் தம்பி, சுற்றுலா."

பக்கத்தில் இருந்த மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, "வெட்டேலாது மாஸ்டர், எழுதுங்கோ" என்றேன். மாமாவின் சிரிப்பு நின்றது.

"அத்தான், உங்களுக்கு விசரே? ஒரு பேரை விட்டால் என்ன குறைஞ்சு போவியள்? அக்காவும் பிள்ளையளும் அங்க லொட்ஜில ஒரு அறைக்குள்ள கிடக்குதுகள். கதவைத் தட்டுற சத்தம் கேட்டாலே மகள் கட்டிலுக்குக் கீழ போறாளாம். கேஸ் விழுந்தால் அதுகள் வாறது எப்பிடி?"

அவர் சொன்னது உண்மை. ஒரு தட்டில் பூசான், மற்றத் தட்டில் நீங்கள். அவ்வளவுதான் தராசில் கிடந்தது. அதைத் தெரியாமல் நான் மறுக்கவில்லை.

வெட்டினவர்களை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். உயிருக்குப் பயந்த மனிசர் எதையும் வெட்டுவார்கள். ஆனால் என் கதையில் பூசானை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, அடித்தார்கள், ஓடினான், வந்தான். நான் ஓடி மட்டும் வரவில்லை. யோசித்து வந்தேன். என்ன யோசித்தேன் என்பது அந்த ஊரில் இருக்கிறது. ஊரில் வீட்டைப் பறித்தார்கள், என் தம்பியை, உங்கள் சித்தப்பாவைப் பறித்தார்கள். நான் யோசித்ததையும் நானே எடுத்துக் குப்பையில் போடவேண்டுமா? மாட்டேன் என்றேன். மாஸ்டர் பெருமூச்சு விட்டு எழுதினார்.

விசாரணை நாளன்று மாமா லீவு போட்டுவிட்டு வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். உள்ளே நான், என் லோயர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை, தீர்ப்புச் சொல்லும் அம்மா. அந்த அம்மாவுக்கு நல்ல தடிமன். ரிசு கடதாசிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கேட்டா. மாஸ்டர் சொன்ன கேள்வியேதான் வந்தது. கொரியாவில் ஏன் பாதுகாப்புக் கேட்கவில்லை?

"கரையில நிண்டிட்டு ராவைக்குக் கப்பலுக்குத் திரும்பத்தான் எனக்கு அனுமதி. கப்பல் வெளிக்கிட்டால் அதுவும் முடிஞ்சுது. நான் அங்க கப்பலுக்குச் சொந்தம், ஊருக்குச் சொந்தமில்லை" என்றேன். அது உண்மை. தங்கள் சனத்துக்கு மலையைத் திறந்த ஊர் எனக்குத் திறக்கவில்லை. அதற்காக அந்த ஊரில் எனக்கு மனத்தாங்கலும் இல்லை.

அந்த அம்மா விடவில்லை. அப்படியென்றால் இந்தப் பட்டினத்தை ஏன் இதற்குள் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டா.

நான் சொல்லத் தொடங்கினேன். பாலம், பேசின், மட்டைச் சுவர், கல்லுப்படி. மொழிபெயர்க்கிற பிள்ளை பாதியில் குனிந்து, "அண்ணை, கல்லறைக்கு மேல வீடோ? சரியாத்தான் சொல்லுறியளோ?" என்று மெல்லக் கேட்டா.

"ஓம் பிள்ளை. அப்பிடியே சொல்லுங்கோ."

மேசைக்குக் கீழே லோயரின் சப்பாத்து என் சப்பாத்தில் முட்டியது. நான் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு தொடர்ந்தேன். அந்தச் சனத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று அந்த அம்மா கேட்டா. எழுதுவதை விட்டுவிட்டுத்தான் கேட்டா.

"ஒண்டும் நடக்கேல்லை. ஊர்க்காரர் ஆகிட்டினம். மீன் விக்கிறது அவை, கப்பல் கட்டுறது அவை. என்ர கப்பலை ஒட்டித் தந்தவனும் அவையில ஒருத்தன். அவனை அகதி எண்டு சொல்லிப் பாருங்கோ, அடிக்க வருவான். எனக்கும் இங்க ஒதுங்க இடம் மட்டும் போதாது. இடம் தந்தால் நானும் இந்த ஊர்க்காரன். என்ர பிள்ளையள் உங்கட படியில ஏறி இறங்குவினம், அதுக்குத்தான் வந்தனான்."

மொழிபெயர்க்கிற பிள்ளை அதை இங்கிலிஷில் எப்படிச் சொன்னா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா மூக்கைத் துடைத்தா. இன்றைக்கு இவ்வளவும் போதும் என்றா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே லோயர் மாமாவிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மாமா என்னிடம் வந்தார்.

"சுற்றுலா முடிஞ்சுதே, அத்தான்?"

நான் கடதாசிகளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தேன்.

"அக்காவுக்கு இண்டைக்கு நீங்களே கோல் எடுத்துச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்." திரும்பிப் பாராமல் சப்வே படியில் இறங்கிப் போனார்.

முடிவு சில கிழமை கழித்து வந்தது. என்ன முடிவு என்று உங்களுக்குத் தெரியும். இந்தச் சமையலறை மேசையில் இருந்துதானே வாசிக்கிறீர்கள். பூசானைச் சொல்லியும் தப்பியது என்பது மாமாவின் கட்சி. அந்த அம்மாவுக்குத் தடிமன், கெதியாக முடிக்கப் பார்த்தா என்பது மாஸ்டரின் கட்சி. பூசானால் கிடைத்தது என்று நான் சொல்லவரவில்லை, எனக்கு அது தெரியாது. விழுந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று எழுத இப்போது எனக்குத் துணிவு இருக்கிறது. ஆனால் அந்தக் கிழமைகளில் நான் எப்படி நித்திரை கொண்டேன் என்று மாமாவைக் கேளுங்கள். அதையும் அவர் மறைக்கமாட்டார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று ஆரும் கேட்டால் சுருக்கிச் சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கு நேரமில்லை என்றால் அது அவர் பாடு. லொட்ஜையும் சொல்லுங்கள், கட்டிலுக்குக் கீழ் இருந்ததையும் சொல்லுங்கள். கட்டாயம் பூசானையும் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கண்டதில்லை, ஆனால் அது உங்களுடையதும்தான்.

மாமா சப்வேக்குள் போன பிறகு நான் என்ன செய்தேன் என்று இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. தெற்குப் பக்கமாக நடந்தேன். பெரிய கட்டடங்களும் மேலால் போகும் ஹைவேயும் முடிய, ஏரி. வந்த நாள் முதல் தூரத்தில் பார்த்திருக்கிறேன், கிட்டப் போனதில்லை. காற்றில் ஆட்கள் குறைவு. படகு கட்டும் மரத்தட்டில் முழங்காலில் இருந்து கையை நீட்டி, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தேன். கப்பலில் கண்ட கடல் மாதிரி உப்பு இல்லை. எண்ணெய் மணம் கொஞ்சம் இருந்தது. துப்பவில்லை. விழுங்கினேன்.