எண்ணாத ஆடு

திருத்தணி மலையில் ஏறும்போது கஜபதி படிகளை எண்ணிக்கொண்டேதான் ஏறுவார். முந்நூற்று அறுபத்து நாலு வரை. கடைசிப் படிக்கு எண் சொல்லமாட்டார். உதட்டை மூடிக்கொண்டு தாண்டிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். சலவைத் துணியை எண்ணச் சொன்னால் ஒன்று குறையும். "படிச்சவருக்கு எண்ணத் தெரியல" என்று மனைவி தமயந்தி பக்கத்து வீடான எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். கஜபதி சிரித்து நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும், எண்ணுவதுதான் அவருக்கு உத்தியோகம். 1979இல் வெளிநாட்டு உதவியோடு ஒரு திட்டம் வந்தது. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொரு செம்மறி. ஒவ்வொன்றின் காதிலும் எண் பொறித்த வில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் போய், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பார்த்து எழுதவேண்டும்.

அந்தப் பட்டிகளில் ஒன்று எல்லம்மாளுடையது. புருஷன் இல்லை, ஆடுதான் சோறு. விடிந்ததும் படலைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே விடுவாள். கஜபதி வாய்விட்டு எண்ணுவார். இருபது தாண்டியதும் அவள் கையை நீட்டி மறிப்பாள்.

"போதும் நைனா. கடைசியா வர்றவ வீரபத்திரன் சாமியோட ஆடு. அவளை எண்ணக்கூடாது."

"எண்ணாம எப்படிம்மா எழுதறது?"

"எழுதிக்கோ. வாயால சொல்லாதே, சொன்னா சாமி சும்மா வுடாது. பெத்த புள்ளைங்களை நீ தலை தொட்டு எண்ணிகினா கீறே?"

அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். இருபத்தொன்று என்று எழுதிக்கொள்வார். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள அந்தக் கிழட்டுப் பெட்டை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

மூன்றாவது வருட ஐப்பசி மழையில் நீலநாக்கு நோய் வந்தது. மருத்துவரை அனுப்பச் சொல்லி கஜபதி எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள், நாக்கு வீங்கி, கால் நொண்டி, பத்தே நாளில் பட்டி காலி.

விதி ஒன்று இருந்தது. செத்த ஆட்டின் காதை வில்லையோடு அறுத்துக் கொடுத்தால் மாற்று ஆடு கிடைக்கும். ஒரு காது குறைந்தாலும் ஆட்டை விற்றுவிட்டதாகப் பொருள். அந்தக் குடும்பத்துக்கு இனி ஒன்றும் கிடையாது.

எல்லம்மாள் முந்தானையை அவிழ்த்துக் கொட்டினாள். சாம்பல் தடவிக் காயவைத்த காதுகள். கஜபதி எண்ணினார். இருபது.

"இன்னொன்னு?"

"அவ காதை அறுக்கமாட்டேன். மஞ்சத்தண்ணி ஊத்தி முழுசா புதைச்சிட்டேன்."

"எங்கேன்னு சொல்லு. நானே தோண்டி எடுக்கிறேன்."

"சாமி சொத்து. சொல்லமாட்டேன்."

"பைத்தியமா உனக்கு? ஒரு காதால இருபது ஆடும் போயிடும். அப்புறம் என்ன துன்னுவே?"

"அதான் நைனா, நானும் யோசிச்சிகினு கீறேன்" என்றாள். அழவில்லை.

கஜபதி படல்மேல் தாளை வைத்து எழுதினார். இறந்தவை இருபது. உயிரோடு இருப்பது ஒன்று.

அந்த வரியால் தை மாதம் புதிதாக இருபது ஆடுகள் வந்தன. ஆனால் அந்த வரி அவரை விடவில்லை. புது ஆடுகள் வந்ததால் இப்போது மாதாமாதம் படிவம் நிரப்பவேண்டும். பழைய ஆட்டின் உடல்நிலைக்கு அதில் ஒரு கட்டம். 'நலம்' என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பும்போது, பட்டப்பகலில், சைக்கிளுக்குப் பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் வெறும் சாலை.

எல்லம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்பாள். "எப்படிக் கீறா நம்ம ஆளு?" கேலியா, மெய்யா என்று அவருக்குப் புரியாது.

சித்திரையில், திட்டம் பலித்ததா என்று நேரில் மதிப்பிட மேலதிகாரி வேடியப்பன் வந்தார். "நான் எண்ணுறேன், நீங்க எழுதுங்க" என்று படலருகே நின்றுகொண்டார். கஜபதி பேனாவைத் திறந்தார். இப்போது தெரிந்துவிடும். தன் வேலை போகும். எல்லம்மாளின் ஆடுகளையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எல்லம்மாள் படலைத் திறந்தாள். அதிகாரி வாய்விட்டும் கஜபதி மனத்துக்குள்ளும் எண்ணினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பட்டி காலி. எல்லம்மாள் படலைச் சாத்தவில்லை. யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி நின்றாள்.

"இருபத்தொண்ணு" என்றார் அதிகாரி. "நெத்தியில சுழி இருக்கே, அது ரொம்பக் கிழடாயிடுச்சி போல. எழுதிக்குங்க."

கஜபதி எழுதினார். கை எழுதியது. எல்லம்மாள் வெளியே போன மந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"வாயால சொல்லிட்டாரே, நைனா" என்றாள்.