துரை படுத்துப் பார்த்த வீடு

என் கடைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில், நாலாக மடித்த கோணி ஒன்று தொங்குகிறது. கால் துடைக்கலாம் என்று யாராவது அதில் கைவைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். திருத்தணிப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் எடுப்பது என் தொழில். வாடகைக்கு வீடு காட்டுவது பக்கத் தொழில். உண்மையைச் சொன்னால், பக்கத் தொழிலில்தான் எனக்கு ருசி அதிகம். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படி வரை எட்டிப் பார்த்துவிட்டு வர இதைவிட நல்ல வழி கிடையாது.

கோணி இன்ஜினியர் சாருடையது. மின்வாரியத்துக்கு மாற்றலாகி வந்த தெற்கத்திக்காரர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கூட இருந்தது துரை என்ற கிழட்டு நாட்டு நாய் மட்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வருமுன் லாட்ஜ் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் வீடு அமையாவிட்டால் துரையை ஊரில் தம்பி வீட்டில் விட வேண்டும்.

"போன வருசம் அவனுக்குக் காது போயிருச்சும்மா. அதுலருந்து தூக்கமே இல்ல. கண்ண மூடுவான், ஒடனே தலையத் தூக்கி நான் இருக்கேனான்னு பாப்பான். தம்பி வீட்ல கட்டித்தான் போடுவாங்க. நாள் முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பான்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்தார்.

நான் எனக்குத் தெரிந்த குறுக்குவழியைச் சொன்னேன். "சார், நாயப் பத்தி இப்போ வாயே தொறக்காதீங்க. முதல்ல குடி வந்துடுங்க. அப்பறமா ஒரு நாளு நைசா இட்டுகினு வந்துடலாம்."

"இன்னைக்கு மறைச்சா தினமும்ல மறைக்கணும்" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீடு பார்க்கப் போகும்போது அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வாசல் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, மதில் ஓரமாகக் கோணியை விரிப்பார். துரை அதில் உட்கார்ந்துகொள்ளும். பையிலிருந்து கிண்ணமும் தண்ணீரும் எடுத்து வைப்பார். யார் வீட்டுத் தண்ணீரையும் கேட்கமாட்டார். வீட்டுக்காரர் வெளியே வந்ததும் கைகூப்பி, "கூட ஒருத்தர் வந்திருக்காரு. வயசானவரு, காது கேக்காது. அவரும் உள்ள வரலாமா?" என்பார்.

கேட்கும் ஜனம் என்ன நினைக்கும்? மலையடிவாரத்து வீடு ஒன்றில் அந்த அம்மாள் பதறிப்போய், "அய்யோ, பெரியவர வெளிய நிக்க வெச்சிகினு பேசிகினுகீறீங்களே! வரச் சொல்லுங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெரியவர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தார். "மலைக்கு மாலை போடற வூடுங்க இது, நாயெல்லாம் ஆவாது" என்று சொல்லி அந்த அம்மாள் நாற்காலியைத் திரும்ப உள்ளே எடுத்துப் போனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நாலைந்து வாசலில் இதே கதைதான்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு வீட்டில் அதிசயமாகச் சரி என்றார்கள். காற்று, வெளிச்சம், கிணறு எல்லாம் இருந்தது. துரை கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, படுக்கவில்லை. சார் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"இன்னா சார், நான் மனுசனுக்கு வூடு பாக்கறனா, நாயிக்குப் பாக்கறனா?"

"பகல் பூரா வீட்ல இருக்கப் போறது அவன்தானம்மா. நான் ராத்திரி வந்து படுத்து எந்திரிக்கிற ஆளு. அவன் பாத்துச் சொல்லணும்ல?"

அந்த நாய் எப்படித்தான் பார்த்துச் சொல்லும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான், கோபத்தை விழுங்கிக்கொண்டு அவரோடு நடந்தேன். கிருத்திகை நெருங்கிவிட்டது. லாட்ஜ்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

பொதட்டூர்பேட்டைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். விசைத்தறிக் கொட்டகை ஒன்றின் மதிலோரம் துரை சட்டென்று நின்றது. பிறகு கோணி விரிக்கும்வரைகூடக் காத்திராமல் மண்ணிலேயே படுத்துவிட்டது. இழுத்தாலும் வரவில்லை. கொட்டகையை ஒட்டி ஒரு வீடு பூட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தறி தடதடக்கும் அந்த வீட்டைக் காட்ட வெட்கப்பட்டு, யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் சொந்தக்காரரான தறிக்கார அம்மாள் சாவியோடு வந்தார். உள்ளே போனோம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. துரை கூடத்தின் நடுவே போய், மோவாயைச் சிவப்புத் தரையில் வைத்துக் கண்ணை மூடியது. நாங்கள் காத்திருந்தோம். தலை தூக்கவில்லை. சார் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"தரை அதிருதும்மா. கூட யாரோ நடமாடுற மாதிரி இருக்கு இவனுக்கு" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். ஆமாம், இருந்தது.

"சத்தத்துல உங்களுக்குத் தூக்கம் வராதுங்களே" என்றார் தறிக்கார அம்மாள்.

"காதுல பஞ்சு வச்சுக்கிறேன். இவனுக்குக் காது கேக்காது, அத முன்னாடியே சொல்லிடறேன்."

"ஆங், அதனால இன்னா? எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கே தறி ஓட்டி ஓட்டிக் காது போச்சு" என்ற அந்த அம்மாள் குனிந்து, "நீ தூங்கு நைனா" என்றார். அவர்கள் பக்கத்தில் அப்பாவுக்கும் நைனாதான், செல்லப் பிள்ளைக்கும் நைனாதான்.

மாதாந்தரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் தறி ஓடாதே, அன்றைக்குத் துரை என்ன செய்யும்? அவர்கள் அங்கே குடிபோன பிறகு இந்தக் கேள்வி என்னை அரித்தது. அப்படி ஒரு நாளில் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட மனுஷன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூடத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் சோற்றைப் பிசைந்தபடி குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துரை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த ஆடி வருமுன் துரை போய்விட்டது. கொட்டகைக்குப் பின்னால் புதைக்கத் தறிக்கார அம்மாளே இடம் கொடுத்தார். இனி அந்த இரைச்சலில் அவர் எதற்கு இருக்க வேண்டும் என்று நானாக ஒரு வீடு பிடித்தேன். மலைக்குப் பின்புறம், குருவிச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்காத இடம். சார் வந்தார். கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி, மதிலோரம் கோணியை விரித்தார். விரித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் மலையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

உள்ளே போய்க் கூடத்தில் குந்தினார். உள்ளங்கையைத் தரையில் வைத்து வெகுநேரம் இருந்தார்.

"நல்ல வீடும்மா. ஆனா தரை சும்மா கெடக்கு. எனக்கு இங்க தூக்கம் வராது."

தறி வீட்டுக்கே திரும்பிப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அன்றைக்கு அந்தப் புது வீட்டு மதிலோரம் அவர் விட்டுப்போன கோணியை நான்தான் மடித்து எடுத்து வந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

போன வாரம் ஓர் இளம்பெண் வீடு கேட்டு வந்தாள். பேச்சு என்னிடம், கண் மட்டும் வெளியே நின்ற ஆட்டோவின் மேல். நான் எழுந்து ஆணியிலிருந்து கோணியை எடுத்து வாசலோரம் விரித்தேன்.

"அவர ஏம்மா வண்டியில குந்த வெச்சிகினுகீற? வரச் சொல்லு" என்றேன்.